லோக் கரையோர ரயில்களைப் படமெடுத்தல்: ஃபோர்ட் வில்லியம் – மலேக் பாதைக்குப் புதிதாகச் செல்வோருக்கான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், ஃபோர்ட் வில்லியம் நகரத்திலிருந்து மலேக் மீன்பிடித் துறைமுகம் வரை செல்லும் ஒற்றைத் தண்டவாளப் பாதையின் நீளம் ஏறத்தாழ 41 மைல், அதாவது 66 கிலோமீட்டர். இந்தச் சிறு தொலைவுக்குள் கால்வாய்ப் பாலம், கடற்கழி, நன்னீர் ஏரி (இவ்விரண்டையும் ஸ்காட்லாந்தில் லோக் என்பார்கள்), பாறையைக் குடைந்த வழி, வளைந்த கான்கிரீட் பாலம், வெண்மணல் கடற்கரை எனக் காட்சி மாறிக்கொண்டே போவதால், ரயிலையும் நிலத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர விரும்புகிறவர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். 1901 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்ட இப்பாதை, அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை அமைக்கப்பட்ட மேற்கு மலைநாட்டு ரயில்பாதையின் நீட்சியாகும்.

புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் எந்த ரயில் என்று முடிவு செய்துகொண்டு, அது வரும் நேரத்துக்குச் சற்று முன்னதாக நிற்க இடம் தேடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இதற்கு நேர்மாறானது. எந்தக் கரையில் நிற்பது என்பதை முதலிலும், அந்தக் கரைக்கு எந்த நேரத்து வெயில் பொருந்தும் என்பதை அடுத்தும் தீர்மானித்து, அந்த நேரத்தில் எந்த ரயில் வருகிறது என்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியின் படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

வரைபடத்தை விரித்துக் கரைகளை அடையாளம் காணுங்கள்

பிரிட்டனின் நிலஅளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடம் தாளிலும் செல்பேசிச் செயலியிலும் கிடைக்கிறது. சமவுயரக் கோடுகள், வேலிகள், நடைபாதைகள் எல்லாம் அதில் தெளிவாக உள்ளன. வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அதில் ரயில்பாதையை விரலால் தொடர்ந்து சென்று, ஒவ்வொரு நீர்நிலையிலும் தண்டவாளம் எந்தக் கரையில் ஓடுகிறது, சாலை எந்தக் கரையில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறிப்பு, கேமராவைப் பற்றி நீங்கள் படிக்கக்கூடிய பலவற்றைவிட அதிகம் பயன்படும்.

கிழக்கிலிருந்து தொடங்கினால், ஃபோர்ட் வில்லியமை அடுத்து பானவி நிலையமும், கலிடோனியன் கால்வாயைக் கடக்கும் சுழல்பாலமும் வருகின்றன. அடுத்து கோர்பாக் நிலையம். அதன்பின் தண்டவாளம் லோக் ஈல் என்னும் கடற்கழியின் வடகரையை ஒட்டியே மேற்கு நோக்கிச் செல்கிறது. லோக் ஈல் முடிந்ததும் மலையிடைவழியே ஏறி, லோக் ஷீலின் தலைப்பகுதியிலுள்ள கிளென்ஃபின்னனை அடைகிறது. பிறகு வரும் லோக் ஈல்ட், பெயரில் முன்னதைப் போலவே ஒலித்தாலும் தன்மையில் வேறானது. அது நன்னீர் ஏரி. அங்கே தண்டவாளம் தென்கரையில் ஓட, ஏ830 சாலை வடகரையில் ஓடுகிறது. லோகைலார்ட்டைத் தாண்டி லோக் நன் உவாவ் என்னும் மற்றொரு கடற்கழியின் தலைப்பில் எட்டு வளைவுகள் கொண்ட பாலம் உள்ளது. அங்கிருந்து பீஸ்டேல், அரிசேக், மோரார் வழியாகப் பாதை மலேக்கில் முடிகிறது.

ஸ்காட்லாந்தில் லோக் என்று வழங்கும் நீர்நிலை ஏரியாகவும் இருக்கலாம், நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடலாகவும் இருக்கலாம். படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. லோக் ஈலில் கடல்நீர் ஏறும், வற்றும். நீர் வற்றிய நேரத்தில் பழுப்புநிறக் கடற்பாசி படர்ந்த கற்கள் கரையில் அகலமாக வெளித்தெரிந்து, தண்டவாளத்துக்கும் நீருக்கும் நடுவே அழகற்ற ஒரு பட்டையாக நிற்கும். ஆகவே கடற்கழிகளுக்குச் செல்லும் நாளில் ரயில் அட்டவணையோடு கடல் ஏற்ற வற்ற அட்டவணையையும் பாருங்கள். லோக் ஈல்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

வெயிலின் திசையைக் கணக்கிடுங்கள்

இப்பகுதி வடக்கு அட்சரேகை 57 பாகைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது. ஜூன் மாத நடுவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் கடைசியிலோ 10 பாகையைத் தொடுவதே அரிது. கோடையில் பிரிட்டனின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படுவதாலும், இப்பகுதி கிரீனிச்சுக்கு மேற்கே ஐந்து பாகைக்கும் அப்பால் இருப்பதாலும், சூரியன் நேர் தெற்கே வருவது பகல் 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 1:20 மணிக்கு. செல்பேசியில் சூரியனின் பாதையைக் காட்டும் செயலி ஒன்று இருந்தால் இக்கணக்குகளை அது செய்துவிடும். ஆனால் அடிப்படை புரிந்திருந்தால்தான் அது காட்டுவதை நம்பலாமா என்று தெரியும்.

லோக் ஈலில் தண்டவாளம் வடகரையில் இருப்பதால், தென்கரையில் நின்று நீருக்கு அப்பால் வடக்கே பார்ப்பவருக்குப் பகல் முழுவதும் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். ரயிலின் பக்கவாட்டில் நேரடியாக ஒளி விழும். லோக் ஈல்ட்டில் நிலைமை தலைகீழ். சாலை இருக்கும் வடகரையில் நின்று தெற்கே பார்த்தால், நாளின் பெரும்பகுதியில் வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும். ரயிலின் உங்கள் பக்கம் நிழலில் இருக்கும். தெற்கேயுள்ள மலைகள் உயரமானவை, தண்டவாளத்துக்கு நெருக்கமானவை என்பதால், குளிர்கால மாதங்களில் அந்தக் கரை பெரும்பாலும் வெயிலைக் காண்பதே இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் மாலை ஆறேகால் மணிக்குமேல் சூரியன் நேர் மேற்கைத் தாண்டி வடமேற்குப் பக்கம் சாயத் தொடங்கும். அப்போது வடகரையில் நிற்பவருக்கு அது மெல்ல மெல்லப் பின்பக்கம் வருகிறது. மாலையில் ஓடும் சாதாரணப் பயணிகள் ரயிலை லோக் ஈல்ட்டில் நேர்வெளிச்சத்தில் எடுக்க ஆண்டில் சில வாரங்களே வாய்ப்பு உண்டு.

எதிர்வெளிச்சம் தவிர்க்க வேண்டிய ஒன்று என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். நிழலில் கறுத்துக் கிடக்கும் மலைச்சரிவுக்கு முன்னால், பின்னிருந்து ஒளி ஊடுருவும் நீராவி வெண்மையாகச் சுடரும். சாதாரண வெளிச்சத்தில் அந்தத் தோற்றம் கிடைக்காது. லோக் ஈல்ட்டுக்கு நீராவி ரயிலைத் தேடிப் போவதானால் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். டீசல் ரயிலைத் தேடிப் போவதானால் மாலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

ரயில்களையும் அவற்றின் நேரத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

இப்பாதையில் அன்றாடம் ஓடுபவை ஸ்காட்ரெயில் நிறுவனத்தின் 156 வகை டீசல் ரயில்கள். இரண்டு பெட்டிகள் கொண்ட ஒரு தொகுதியின் நீளம் ஏறத்தாழ 46 மீட்டர். எண்ணிக்கையில் இவை குறைவு; ஒவ்வொரு திசையிலும் நாளுக்குச் சிலவே வரும், ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலும் குறையும். கோடைக்காலத்தில் ஜாகோபைட் என்னும் நீராவிச் சுற்றுலா ரயிலை வெஸ்ட் கோஸ்ட் ரெயில்வேஸ் நிறுவனம் ஃபோர்ட் வில்லியமுக்கும் மலேக்கிற்கும் இடையே இயக்குகிறது. பிளாக் ஃபைவ் எனப்படும் கறுப்பு எஞ்சின்களே பெரும்பாலும் அதை இழுக்கின்றன. லண்டனிலிருந்து வரும் இரவுநேரப் படுக்கை ரயில் ஃபோர்ட் வில்லியமோடு நின்றுவிடுகிறது. அதை இந்தக் கரைகளில் எதிர்பார்க்க வேண்டாம்.

நீராவி ரயிலைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மலேக்கில் எஞ்சினைத் திருப்பும் வட்டமேடை இல்லாததால், மேற்கே போகும்போது புகைபோக்கி முன்னாலும், கிழக்கே திரும்பும்போது கரி ஏற்றிய டெண்டர் முன்னாலும் வருவதே வழக்கம். எஞ்சினின் முகம் வேண்டுமென்றால் போகும் ரயிலை எடுக்க வேண்டும். திரும்பும் ரயிலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தொலைவிலிருந்து லோக்கோடு சேர்த்து எடுக்கும் படத்தில் எஞ்சின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அவ்வளவாகத் தெரிவதும் இல்லை, கூட்டமும் அப்போது குறைவாக இருக்கும்.

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாதபடி, பானவியிலுள்ள கட்டுப்பாட்டு மையம் வானொலி வழியாக ஓட்டுநருக்கு ஒரு மின்னணு அனுமதியை வழங்குகிறது. ஒரு பகுதிக்கான அனுமதி ஒரு ரயிலிடம் இருக்கும்வரை வேறு ரயில் அதற்குள் நுழைய முடியாது. கிளென்ஃபின்னன் போன்ற நிலையங்களில் மட்டுமே ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். ஆகவே ஒரு ரயில் தாமதமானால் எதிரே வருவதும் தாமதமாகும். இதைத் தெரிந்துகொண்டால், குறித்த நேரத்தில் ரயில் வராதபோது பையைக் கட்டிக்கொண்டு கிளம்பமாட்டீர்கள். குறைந்தது அரை மணி நேரமாவது கூடுதலாகக் காத்திருங்கள். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், நிறுவனங்களின் அவ்வாண்டு அட்டவணையையும், ரயில்களின் இயக்கத்தைக் காட்டும் ரியல்டைம் டிரெயின்ஸ் தளத்தையும் புறப்படும் முன் பாருங்கள். மலைகளுக்கிடையே செல்பேசித் தொடர்பை நம்ப முடியாது, எனவே பார்த்ததைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதியவர் முதல் இரண்டு நாட்களாவது 156 வகை ரயிலையே எடுத்துப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீராவி ரயில் வரும் பரபரப்பில் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. சிறிய டீசல் ரயில் போன வழியே சில மணி நேரத்தில் திரும்பியும் வரும். யாரும் முட்டிமோத மாட்டார்கள். வெளிச்சமும் இடமும் சரியா என்பதை அது அமைதியாகச் சொல்லித்தரும். உண்மையில், பெரிய மலைக்கு அடியில் இரண்டே பெட்டிகள் தனியாக ஊர்ந்து செல்லும் படத்தில் அந்நிலத்தின் அளவு தெரிவதுபோல, ஏழு பெட்டி நீராவி ரயிலில் தெரிவதில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

*லோக் ஈல், தென்கரை.* கற்றுக்கொள்ளத் தொடங்க இதைவிட நல்ல இடம் இப்பாதையில் இல்லை. லோக்கின் மேற்குத் தலைப்பில் ஏ830 சாலையிலிருந்து பிரிந்து தென்கரையோரமாகச் செல்லும் ஏ861 சாலை ஒரே வண்டி செல்லும் அளவுக்குக் குறுகலானது. எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்குவதற்காக விடப்பட்ட இடங்களில் காரை நிறுத்திவைப்பது அங்கே வாழ்பவர்களுக்குப் பெரும் இடையூறு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். சைக்கிளில் செல்வது இச்சாலைக்கு மிகப் பொருத்தம். நீரின் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுச்சட்டகக் கேமராவில் (36 மி.மீ. அகல உணரி கொண்டது) 50 மி.மீ. லென்ஸ் எதிர்க்கரையில் 720 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதில் 46 மீட்டர் ரயில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகவே இருக்கும். 200 மி.மீ. லென்ஸ் 180 மீட்டர் அகலத்தையே காட்டும். அதே ரயில் இப்போது கால் பங்கை நிரப்பும். எஞ்சினோடு சேர்த்து 160 மீட்டர் அளவுள்ள நீராவி ரயிலோ சட்டகத்தை ஏறத்தாழ முழுவதுமாக அடைத்துவிடும். எனவே டீசல் ரயிலுக்கு 200 மி.மீ., நீராவி ரயிலுக்கு 100 மி.மீ. அளவில் தொடங்குங்கள். செல்பேசியின் முதன்மைக் கேமராவில் அந்தத் தொலைவில் ரயில் ஒரு கோடாக மட்டுமே தெரியும். செல்பேசி மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கரையைத் தவிர்த்துவிட்டு நிலையங்களையும் கிளென்ஃபின்னனையும் நாடலாம்.

காற்று அசையாத அதிகாலையில் எதிர்க்கரை மலைகள் நீரில் தலைகீழாகத் தெரியும். சற்றே காற்று எழுந்தாலும் அது கலைந்துவிடும். நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் தாழ்ந்து நிற்கிறீர்களோ அவ்வளவுக்குப் பிரதிபலிப்பு வலுவாகத் தெரியும். உயரத்தில் நின்றால் நீரின் கறுத்த நிறமே மேலோங்கும்.

*லோகைல்சைடு நிலையம்.* கார் இல்லாதவர்களுக்கு ஏற்றது. நடைமேடையிலிருந்தே லோக் தெரிகிறது. இங்கே ரயில் கேட்டால் மட்டுமே நிற்கும்: உள்ளே இருப்பவர் நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; நடைமேடையில் காத்திருப்பவர் ஓட்டுநருக்குத் தெரியும்படி கையை நீட்ட வேண்டும். லோகைலார்ட், பீஸ்டேல் நிலையங்களும் இவ்வாறே. படமெடுக்கும் மும்முரத்தில் கையை நீட்ட மறந்தால், திரும்பிப்போக வேண்டிய ரயில் உங்களைக் கடந்து போய்விடும். அடுத்தது வரப் பல மணி நேரம் ஆகும்.

*பானவியும் கோர்பாக்கும்.* பானவியில் எட்டு அடைப்புகள் படிப்படியாக அமைந்த நெப்டியூனின் படிக்கட்டு என்னும் கால்வாய்ப் பகுதியின் அடிவாரத்தில் ரயில் சுழல்பாலத்தைக் கடக்கிறது. வானம் தெளிந்தால் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலை தென்கிழக்கே எழுந்து நிற்கும். காலையில் அந்த மலை வெயிலுக்கு எதிரே இருப்பதால் வெறும் நிழலுருவாகத் தோன்றும். பிற்பகலில்தான் அதன் மடிப்புகள் புலப்படும். கோர்பாக்கில் கால்வாய் கடலில் இறங்கும் வாயிலும் வெண்ணிறமான ஒரு சிறிய கலங்கரை விளக்கமும் உள்ளன.

*கிளென்ஃபின்னன்.* 21 வளைவுகளும் 380 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமும் கொண்ட இந்தக் கான்கிரீட் பாலத்தை ராபர்ட் மெக்கால்பைனின் நிறுவனம் கட்டியது. திரைப்படங்களால் உலகப்புகழ் பெற்ற பிறகு, நீராவி ரயில் கடக்கும் நேரங்களில் மலைச்சரிவெங்கும் மக்கள் நிறைந்திருப்பார்கள். கார் நிறுத்துமிடம் ரயிலுக்கு வெகுநேரம் முன்பே நிரம்பிவிடும், சாலையோரத்தில் நிறுத்துவது ஆபத்து. இயன்றால் ரயிலிலேயே வந்து, நிலையத்திலிருந்து பாலத்தை நோக்கிச் செல்லும் நடைபாதையில் செல்லுங்கள்.

பாலம் வடக்கே வளைந்து செல்வதால் அதன் உள்வளைவு தெற்கே, லோக் ஷீலை நோக்கி இருக்கிறது. சாலைக்கும் பார்வையாளர் மையத்துக்கும் அருகிலுள்ள குன்றிலிருந்து பார்த்தால் அந்த உள்வளைவில் நேர்வெளிச்சம் விழும், ஆனால் லோக் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வடக்குப் பக்கச் சரிவுகளில் ஏறினால் பாலம், லோக், அதன் தலைப்பில் 1815-இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் மூன்றும் ஒரே சட்டகத்தில் அமையும், ஆனால் வெயில் எதிரே நிற்கும். மேற்குப் பக்கத்திலிருந்து பார்த்தால், வளைவைச் சுற்றிக்கொண்டு எஞ்சின் உங்களை நோக்கி வரும். மூன்றில் எதை இழக்கச் சம்மதிக்கிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். மூடுபனி போன்ற மேகம் மலைகளை மறைத்த நாளில் வடக்குச் சரிவே சிறந்தது. எதிர்வெளிச்சம் என்ற சிக்கல் அப்போது இல்லை. மழைக்கு அஞ்சிக் கூட்டமும் கலைந்திருக்கும்.

*லோக் நன் உவாவ்.* அமைதியை விரும்புபவர்கள் கிளென்ஃபின்னனை விட்டுவிட்டு நேராக இங்கே வரலாம். 1746-இல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் பிரான்சுக்குத் தப்பிச் சென்றது இந்தக் கடற்கழியிலிருந்துதான். பாலத்தின் நடுத்தூணுக்குள் கட்டுமானக் காலத்தில் ஒரு குதிரையும் வண்டியும் விழுந்து புதைந்தன என்று நெடுங்காலம் வேறொரு பாலத்தைச் சுட்டிச் சொல்லிவந்த கதை, 2001-இல் நடந்த ரேடார் சோதனையில் இங்கே உண்மையென்று தெரியவந்தது. பீஸ்டேலை ஒட்டி 48-க்கு 1 என்ற செங்குத்தான ஏற்றம் இருப்பதால், ஏறும் திசையில் எஞ்சின் கடுமையாக உழைத்து நிறைய நீராவியைக் கக்கும். நீராவி அடர்த்தியாகத் தெரிவது எஞ்சினின் உழைப்பையும் காற்றின் குளிர்ச்சியையும் பொறுத்தது. வெப்பமான ஜூலை நண்பகலில், அதே எஞ்சின் அதே ஏற்றத்தில் ஏறினாலும் புகைபோக்கிக்கு மேல் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

கேமராவை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்

ரயில் கண்ணில் படும் முன்பே எல்லா அமைப்புகளும் முடிந்திருக்க வேண்டும். மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு நொடியில் ஏறத்தாழ 13 மீட்டர் கடக்கிறது. 1/500 நொடியில் 2.7 செ.மீ. நகர்கிறது. லோக்கின் எதிர்க்கரையிலிருந்து எடுக்கும்போது அந்த நகர்வு படத்தில் தெரியாது, எனவே 1/500 போதும். நடைமேடையிலோ வேலிக்கு அப்பால் அருகிலோ நின்றால் 1/1000 வையுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்/5.6 அல்லது எஃப்/8-இல் நிறுத்தி, மீதத்தை ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-விடம் விடுங்கள். மேகமூட்டமான நாளில் ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 வரை போகத் தயங்க வேண்டாம். சிறிது புள்ளிபட்ட படத்தைத் திருத்தலாம், அசைந்துபோன படத்தைத் திருத்த முடியாது.

ஃபோகஸை, ரயில் வந்து நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் ஏதேனும் ஒரு கம்பத்திலோ கல்லிலோ முன்பே வைத்துப் பூட்டிவிடுங்கள். தானியங்கி ஃபோகஸ், ரயில் புகுந்த கணத்தில் முன்னால் நிற்கும் புல்லின்மீது தாவுவது புதிதல்ல.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவில், கடினமான கணக்கு ஒன்று உள்ளது. கறுப்பு எஞ்சினும் வெண்ணிற நீராவியும் ஒரே சட்டகத்தில் வரும்போது கேமரா கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீராவி வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும். ரயில் வருமுன் ஒரு சோதனைப் படம் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலப்பக்கத்தில் முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) இடம் மீதமிருக்கும்படி மேனுவலில் நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பில் எடுத்தால் கறுப்பிலிருந்து பிறகு விவரங்களை மீட்கலாம். செல்பேசியில் வெளிச்சக் கோட்டைச் சற்றுக் கீழே இழுத்துப் பூட்டினால் இதே பயன் கிடைக்கும்.

போலரைசர் ஃபில்டர் நீர்நிலைகளுக்கு அவசியம் என்று சொல்லப்படுவதை அப்படியே ஏற்க வேண்டாம். அது நீரின் பளபளப்பை நீக்கும்போது, நீங்கள் தேடிவந்த பிரதிபலிப்பையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். கூடவே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தையும் விழுங்கும். மழை நனைத்த இலைகளுக்கும் பாறைகளுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

சட்டகத்தை நேராக வைப்பதில் லோக் ஒரு ஏமாற்று வேலை செய்யும். எதிர்க்கரை உங்களுக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்ந்து விலகிச் சென்றால், அந்தக் கரைக்கோடு படத்தில் சரிந்து தோன்றும். அதைக் கிடையாக்க முயன்றால் மற்றவை எல்லாம் சாய்ந்துவிடும். ஒரு மரமும் நீரில் தெரியும் அதன் பிரதிபலிப்பும் எப்போதும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமையும். அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

ரயில் வரும்போது அதன் முன்னால் வெற்றிடம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருக்கும் தருணத்தில் அழுத்துங்கள். நான்கைந்து படங்கள் போதும். தொடர்ச்சியாகச் சுட்டுக்கொண்டே இருந்தால், முக்கியமான கணத்தில் கேமரா படங்களை நினைவட்டையில் எழுதி முடிக்கக் காத்திருக்க நேரலாம்.

களத்தில் நடந்துகொள்ளும் முறை

தண்டவாளத்திலோ, வேலிக்குள்ளேயோ, பாலத்தின் மேலோ கால் வைப்பது சட்டப்படி குற்றம். 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் மலைகளிலும் கரைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. ஆனால் ரயில் நிலத்துக்கு அந்த உரிமை இல்லை. டீசல் ரயில் காற்றெதிர்த் திசையிலிருந்து வரும்போது மிக அருகில் வரும்வரை ஓசை கேட்காது. நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். ஃப்ளாஷ் பயன்படுத்தாதீர்கள், அது ஓட்டுநரின் கண்ணைக் கூசச்செய்யும். ட்ரோனைப் புதியவர்கள் வீட்டிலேயே விட்டுவருவது நல்லது.

மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் நுண்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மொய்க்கும். ஈரமும் நிழலும் காற்றின்மையும் சேர்ந்த காலையும் மாலையும் அவற்றுக்கு உகந்தவை. பிரதிபலிப்புக்கு உகந்த நேரமும் அதுவேதான் என்பது இந்த ஊரின் குறும்பு. தலைவலை ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டால் காத்திருக்க முடியும். பெரணிப் புதர்களிலும் உயர்ந்த புல்லிலும் உண்ணிகள் இருப்பதால் நீண்ட காற்சட்டை அணிந்து, மாலையில் கால்களைச் சோதித்துப் பாருங்கள். அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை. பச்சையாகத் தெரியும் சமதரை பெரும்பாலும் சதுப்புநிலம். முழங்கால்வரை காலணி அணியாமல் அதில் இறங்க வேண்டாம். லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணிகள் இரண்டு மூன்றாவது தேவைப்படும். பிரிட்டனிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

உங்களுக்கு முன்பே வந்து நிற்பவரின் சட்டகத்துக்குள் நுழையாதீர்கள். நிற்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். ஒரே ரயிலைப் பல இடங்களில் எடுக்கக் காரில் விரட்டிச் செல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கரை என்று வைத்துக்கொள்பவரின் படங்களே பெரும்பாலும் தேறுகின்றன என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

படங்களை வரிசைப்படுத்துங்கள்

அன்றிரவே படங்களை வேறொரு சேமிப்பகத்தில் நகலெடுத்துவிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நின்ற இடத்தின் வரைபடக் குறியீடு, ரயில் உண்மையில் கடந்த நேரம், அப்போது வெயில் இருந்த திசை, கடற்கழியானால் நீர்மட்டம். லோக் ஈல் தென்கரையில் காலை ரயிலுக்குத் தெற்கு மலைகளின் நிழல் எதிர்க்கரையை எட்டியதா, எட்டியிருந்தால் எத்தனை மணிக்கு விலகியது என்பது போன்ற செய்திகள் எந்தச் செயலியிலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அடுத்த முறை எந்த மாதத்தில், எந்த ரயிலுக்கு, எந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளைக் கொண்டே முடிவு செய்யலாம்.